பச்சைத் துணி நனையும் வரை

9-6-1991
பிள்ளைப்பாக்கம் அஞ்சல்

மொட்டை,

இப்படிக் கூப்பிட எனக்கு இன்னும் உரிமை இருக்கிறதா என்று இரண்டு நாள் யோசித்தேன். "அன்புள்ள தம்பி நாகப்பனுக்கு" என்று எழுதிப் பார்த்தேன். வக்கீல் எழுதினது மாதிரி இருந்தது. அடித்துவிட்டேன். அம்மா போன பிறகு ஆறு வயசில், தலை நிறையப் பேனோடு, கல்யாணமான என் பின்னாலேயே இந்த ஊருக்கு வந்தவன் நீ. உன் மாமாதான் உன்னைத் தூக்கிப் போய் மொட்டை அடித்துக் கொண்டுவந்தார். எனக்குப் பிள்ளை இல்லாத குறையை அன்றைக்கே நீ தீர்த்துவிட்டாய். இப்போது ஓசூரில் நீ பெரிய கான்ட்ராக்டர். எனக்கு மொட்டைதான்.

காரியத்தன்று நீ கொண்டுவந்த கோடிப் புடவையை நான் தொடாமல் திருப்பிக் கொடுத்தேன். பந்தியில் இருந்த சனம் முழுக்கப் பார்த்தது. பிறந்த வீட்டில் மிச்சம் இருக்கிற ஒரே ஆள் நீ, உன் கோடியைத்தான் வாங்கவில்லை. அது தப்பா சரியா என்று நான் இப்போது எழுதப் போவதில்லை. எழுத வேண்டியது வேறே.

சித்திரை பிறக்க மூன்று நாள் இருக்கும்போது மாமா கிணற்று மோட்டாரை இன்னொரு தடவை கீழே இறக்கப் போனார். தண்ணீர் கீழே போகப் போக மோட்டாரும் பின்னாலேயே போக வேண்டியிருந்தது. மூன்றாவது தடவை. வடம் அறுந்தது. அதற்கு மேல் உனக்குத் தெரியும்.

நம் கிணற்றுத் தண்ணீர் எங்கே போகிறது என்று ஊருக்கே தெரியும். கம்பெனி போர்வெல் இழுக்கிறது. மிஷினுக்கு இழுத்தால்கூட நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு வேலை என்று வாயை மூடிக்கொள்ளலாம். நாலு ஏக்கர் புல்லுக்கு இழுக்கிறது. நீ போட்ட புல். அதற்குக் காலையிலும் சாயங்காலமும் பைப் பிடிக்கிறவள் நான். வேலை நீ வாங்கிக் கொடுத்தது, மறக்கவில்லை.

இப்போது இன்னும் ஐந்து கம்பெனிக்கு நிலம் விற்றுவிட்டார்கள். பஞ்சாயத்து விதிப்படி ஒவ்வொருத்தரும் மூன்றில் ஒரு பங்கு புல் வளர்க்க வேண்டும். பஞ்சாயத்து கலைந்துபோய் இப்போது தனி அலுவலர்தான் எல்லாம். செப்டம்பரில் அந்த ஐந்துக்கும் அனுமதிக் கையெழுத்துப் போடப் போகிறார். அதற்குள் அந்த விதியை மாற்றச் சொல்லி மனு கொடுக்கப் போகிறேன்.

உன்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். ஒரு ஏக்கர் புல் ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் குடிக்கும்? கணக்கு உனக்குத்தான் தெரியும்.

அக்கா,
கிளியம்மாள்

*

20-6-1991
நாகப்பன் கார்டன் ஒர்க்ஸ்
ஓசூர்

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. மொட்டை என்று பார்த்ததும் சந்தோஷமாகத்தான் பிரித்தேன். படித்து முடித்ததும் சந்தோஷம் போய்விட்டது.

நான் கொண்டுவந்த கோடியை ஏன் திருப்பினாய் என்று இத்தனை நாளாகப் புரியாமல் இருந்தேன். இப்போது புரிகிறது. மாமா சாவுக்கு என் புல்தான் காரணம் என்கிறாய். நேராகவே எழுதியிருக்கலாமே.

நானாகவா வந்து உங்கள் ஊரில் புல் போட்டேன்? விதி இருக்கிறது, கம்பெனி டெண்டர் விட்டது, நான் எடுத்தேன். அந்த விதியைக் கொண்டுவந்தது யார்? எண்பத்தெட்டில் வார்டு மெம்பராக உட்கார்ந்து, "வருஷம் முழுக்கப் புல் பச்சையாக இருக்க வேண்டும்" என்று அடம்பிடித்து எழுத வைத்தது மாமா. தீர்மானத்தில் முதல் கையெழுத்தே தாண்டவராயன்தான். அவர் உயிரோடு இருக்கும்போது போட்ட ஒரே தீர்மானத்தை அவர் பெண்டாட்டியே அழிக்கச் சொல்லி மனு கொடுத்தால் ஊர் என்ன பேசும்?

என் நர்சரியில் ஆறு பேர் வேலை செய்கிறார்கள். வரப்போகிற ஐந்து கம்பெனியை நம்பி ஒரு ஏக்கரில் புல் வளர்த்து வைத்திருக்கிறேன். அது சுருட்டி எடுத்துப் போகிற பதத்தில் இருக்கிறது.

கணக்கு கேட்டாய். மண்ணைப் பொறுத்தது, வெயிலைப் பொறுத்தது. ஒரே மாதிரி சொல்ல முடியாது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

நாகப்பன்

*

7-7-1991

மொட்டை,

மண்ணைப் பொறுத்தது, வெயிலைப் பொறுத்தது. நல்ல பதில். நாலாம் வகுப்பில் வாய்ப்பாடு கேட்டால் வயிறு வலிக்கிறது என்பாயே, அந்த ஞாபகம் வந்தது.

தீர்மானம் மாமா போட்டதுதான். டிரங்குப் பெட்டியில் நகல் இருக்கிறது. நான் அஞ்சாவதோடு நின்றவள், எழுத்துக்கூட்டி நாலு தடவை படித்தேன். ஏன் அப்படி எழுதினார் என்று உனக்குத் தெரியாது, நீ ஓசூரில் இருந்தாய். எனக்குத் தெரியும். மேய்ச்சல் நிலம் கம்பெனிக்குப் போகிறது என்றதும் மாடு வைத்திருக்கிறவர்கள் எல்லாரும் நம் வாசலில் வந்து நின்றார்கள். "மெம்பரே, கோடையில மாட்டுக்கு இன்னாத்த போடுறது?" என்றார்கள். மாமா விடிய விடிய யோசித்து இதைக் கண்டுபிடித்தார். கம்பெனி தன் செலவில் புல் வளர்க்கட்டும், நாம் அறுத்துக்கொள்ளலாம் என்று. அவருக்கும் சரி, கை தூக்கின மற்ற ஏழு மெம்பருக்கும் சரி, புல் என்றால் மாடு தின்கிறது. தின்பதற்கில்லாமல் ஒருத்தன் புல் வளர்ப்பான் என்று அவர்கள் புத்திக்கு எட்டவே இல்லை. அதனால் யார் அறுக்கலாம் என்று எழுதாமலே விட்டுவிட்டார்கள்.

நீ வந்து ஜமுக்காளம் மாதிரி விரித்தாய். இரண்டு விரல்கடைக்கு மேல் வளரவிடாமல் மிஷின் வைத்து வெட்டுகிறோம். வெட்டினதிலும் மருந்து. முதல் வாரம் பக்கத்து வீட்டுக் கோவிந்தம்மா பசுவை ஓட்டிக்கொண்டு கேட்டுக்குப் போனாளே, வாட்ச்மேன் விரட்டினதை அவள் இன்னும் சொல்லிக்கொண்டு இருக்கிறாள். மாமா அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. "ஒரு வரி எழுதாம வுட்டுட்டேன் கிளி" என்றார். நான் அழிக்கப் போவதில்லை மொட்டை. அவர் விட்ட வரியை எழுதப் போகிறேன்.

இன்னொன்றும் சொல்கிறேன். கிணற்றுத் தூணில் ஒரு கயிறு கட்டி, நுனியில் கல் வைத்து மாமா உள்ளே விட்டிருந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். அமாவாசைக்கு அமாவாசை கயிற்றை இழுத்துப் பார்ப்பார். ஈரம் எதுவரை ஏறியிருக்கிறதோ அதுதான் தண்ணீர் மட்டம். கடைசித் துணியைவிட ஒரு முழத்துக்கு மேல் கீழே போயிருந்தால் அந்த இடத்தில் ஒரு துணி கட்டுவார். என் பழைய புடவையில் கிழித்ததுதான். கம்பெனி வந்த மூன்று வருஷத்தில் ஏழு துணி. ஐப்பசி மழைக்குக்கூடத் தண்ணீர் கொஞ்சம் ஏறுமே தவிர, கட்டின துணி ஒன்றும் திரும்ப நனைந்ததில்லை. கடைசியாகப் பங்குனி அமாவாசைக்குக் கட்டினது பச்சை. இப்போது தண்ணீர் அதற்கும் கீழே மூன்று முழம் போய்விட்டது. நான் துணி கட்டவில்லை. சணல் சுற்றி வைக்கிறேன்.

போன மாசக் கடைசியில் கம்பெனியில் டிரான்ஸ்பார்மர் எரிந்துவிட்டது. மிஷினுக்கு ஜெனரேட்டர் ஓடியது, போருக்கு இல்லை. ஆறு நாள் புல்லுக்குத் தண்ணீர் விடவில்லை. ஒரு சொட்டு மழையும் இல்லை. ஆறாம் நாள் கயிற்றை இழுத்தேன். ஒரு முழம் ஏறியிருந்தது. கோவிந்தம்மாவையும் கூப்பிட்டுக் காட்டினேன். கரண்ட் வந்தது, போர் ஓடியது, நாலே நாளில் மறுபடி சணலுக்கு இறங்கிவிட்டது.

இப்போது சொல். எத்தனை லிட்டர்?

அக்கா

*

18-7-1991
ஓசூர்

அக்காவுக்கு,

நேற்று கம்பெனி மேனேஜர் போன் செய்தார். நீ மனு கொடுத்தது அவருக்கு மறுநாளே தெரிந்துவிட்டது. "மிஸ்டர் நாகப்பன், உங்க ஆளே எங்க மேல பெட்டிஷன் போடுறாங்க, இன்னா சார் இது?" என்றார். அக்டோபரில் கான்ட்ராக்ட் புதுப்பிக்க வேண்டும். ஒன்று, மனுவைத் திரும்ப வாங்கிவிட வேண்டும். இல்லை, உன்னை வேலையை விட்டு எடுக்க வேண்டும். இதுதான் அவர் சொன்னது.

நான் உன்னை வேலையை விட்டு எடுக்கவா? நீயே சொல்.

கயிறு, துணி எல்லாம் விசாரணைக் கூட்டத்தில் செல்லாது. கல் ஆடும், கயிறு நீளும். அங்கே இன்ஜினியர் வந்து பேசுவார். உன்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். அதை என்னால் தாங்க முடியாது. மனுவைத் திரும்ப வாங்கிவிடு அக்கா. தீபாவளிக்கு வருகிறேன், உட்கார்ந்து பேசலாம்.

நாகப்பன்

*

2-8-1991

மொட்டை,

உனக்கு அந்தச் சங்கடம் வேண்டாம். முப்பத்தொன்றாம் தேதியோடு நானே வேலையை விட்டுவிட்டேன். யூனிபார்ம் கோட்டைத் துவைத்து, மடித்து, சூப்பர்வைசர் கையில் கொடுத்தேன். "ஏன்மா, நாகப்பன் சார் அக்கா, உன்ன யாரு இன்னா சொல்லப்போறாங்க?" என்றார். கேட்டைத் தாண்டி வந்துவிட்டேன். வாலாஜாபாத்தில் அரிசி மண்டியில் புடைக்கிற வேலை கிடைத்திருக்கிறது. ஒரு பஸ், கொஞ்சம் நடை. பழகிவிடும்.

மனுவைத் திரும்ப வாங்க மாட்டேன். விசாரணை ஆகஸ்டு இருபத்து மூன்று, வெள்ளிக்கிழமை, பஞ்சாயத்து ஆபீசில்.

சிரிப்பார்கள் என்று எழுதினாய். சிரிக்கட்டும். யாருக்கும் சொல்லாத ஒன்றை உனக்குச் சொல்கிறேன். மாமா கிணற்றில் விழுந்த அன்று நான் கம்பெனி புல்லுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு இருந்தேன். கோவிந்தம்மா தலைவிரி கோலமாக ஓடி வந்து, "கிளி, உன் வூட்டுக்காரு" என்று மட்டும் சொன்னாள். பைப்பைக் கீழே போட்டுவிட்டு ஓடினேன். மூடவில்லை. சாயங்காலம் வரைக்கும் யாரும் மூடவில்லையாம். அவரைக் கிணற்றிலிருந்து கட்டிலில் வைத்துத் தூக்கிக்கொண்டு கம்பெனி வேலி ஓரமாகத்தான் வந்தோம். அப்போதும் அந்தப் பைப் ஓடிக்கொண்டு இருந்தது. புல்லுக்கு மேலே தண்ணீர் கணுக்காலுக்கு நின்றது.

அங்கே தண்ணீர் நின்றதைப் பார்த்தேன். இங்கே இவர் தண்ணீரைத் தேடிப் போனதையும் பார்த்தேன். இரண்டையும் ஒரே நாளில் பார்த்தவளைப் பார்த்து எந்த இன்ஜினியர் சிரித்தாலும் எனக்கு வலிக்காது.

பதினாறாம் நாள் உன் கையில் கோடியைப் பார்த்தபோது எனக்கு அந்தப் பைப்தான் கண்ணில் நின்றது. உன்மேல் இருந்த கோபம் பாதிதான். மீதி என்மேல்.

கூட்டத்துக்கு நீ வர வேண்டாம். உன் பிழைப்பு எனக்குத் தெரியும். அந்தக் கணக்கை மட்டும் எழுதி அனுப்பு. இல்லையென்றால் நான் பைப் பிடித்த நேரத்தை வைத்துக் குடம் குடமாக எண்ணிச் சொல்லிக்கொள்கிறேன்.

அக்கா

*

14-8-1991
ஓசூர்

அக்கா,

உன் கடிதத்தை வேலையாட்கள் இல்லாத நேரமாகப் பார்த்து மூன்று தடவை படித்தேன். நீ ஒன்று சொல்லிவிட்டாய். நானும் ஒன்று சொல்ல வேண்டும். சொன்ன பிறகு நீ என்னை மொட்டை என்று கூப்பிடுவாயோ மாட்டாயோ.

மார்ச் மாதம் கம்பெனி போரில் தண்ணீர் குறைந்துவிட்டது, புல் பழுக்க ஆரம்பித்தது. மேனேஜர் என்னைக் கூப்பிட்டுத் திட்டினார். திருச்செங்கோட்டு போர் வண்டியை நான்தான் பேசி வரவழைத்தேன். ரிப்பேர் வேலை என்று ஊருக்குச் சொல்லிவிட்டு, நூற்றெண்பது அடியில் இருந்ததை முந்நூற்றிருபது அடிக்கு இறக்கினோம். ஒரு வாரம் கழித்து ஒரு மத்தியானம் நம் வீட்டுக்கு வந்து மாமாவோடு உட்கார்ந்து சாப்பிட்டேன். "கெணத்துல திடீர்னு கொறையுதுடா மொட்டை, இன்னான்னே தெரியல" என்றார். எனக்குத் தெரியும். மோரை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவினேன்.

சொல்லியிருந்தால் அவர் என்ன செய்திருப்பார் என்று தெரியாது. சொல்லவில்லை என்பதுதான் தெரியும்.

இதோடு இன்னொரு காகிதம் வைத்திருக்கிறேன். என் கம்பெனி சீல் போட்டுக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். அதைக் கூட்டத்தில் கொடு. கோடையில் ஒரு ஏக்கர் புல்லுக்கு ஒரு நாளைக்கு இருபதாயிரம் லிட்டர். நாலு ஏக்கருக்கு எண்பதாயிரம். போரை இறக்கின தேதியும் அதில் இருக்கிறது. புல்லுக்குப் பதிலாக என்ன நடலாம் என்று நான் பார்த்த மட்டும் எழுதியிருக்கிறேன். புங்கன், பூவரசு, வேம்பு முதல் இரண்டு வருஷம் தண்ணீர் கேட்கும், அப்புறம் தானே பார்த்துக்கொள்ளும். கேன்டீனில் பாத்திரம் கழுவின தண்ணீரையும் குளியலறைத் தண்ணீரையும் தொட்டியில் தேக்கி வடியவிட்டால் ஒன்றரை ஏக்கர் தீவனப் புல்லுக்குப் போதும். மாமா கேட்டது அந்தப் புல்தான். அது எனக்கு எப்போதோ தெரிந்திருக்க வேண்டும்.

கோடிப் புடவையைப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். அதே புடவைதான். மறுபடி திருப்பினாலும் வாங்கி வைத்துக்கொள்கிறேன்.

நாகப்பன்

*

25-8-1991

மொட்டை,

அப்படித்தான் கூப்பிடுவேன். உன்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுதினால் பொய். இருக்கிறது. அது இருந்துவிட்டுப் போகட்டும். நீ மறைத்ததையும் நீதான் எழுதினாய். அந்தப் புடவையைக் கட்டிக்கொண்டுதான் கூட்டத்துக்குப் போனேன்.

கம்பெனி பக்கம் மேனேஜரும் ஒரு இன்ஜினியரும். நம் பக்கம் நான், கோவிந்தம்மா, மாட்டுக்காரர்கள் ஒரு இருபது பேர். நான் கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனேன். வாசலிலேயே பியூன் மறித்தான்.

"யம்மா, இன்னா மாட்டுக் கயித்தத் தூக்கிகினு வர்றே? மாடு எங்க?"

"மாடுங்க எல்லாம் உள்ள குந்திகினு கீது, நவுறு" என்றாள் கோவிந்தம்மா. அவளை நான் கிள்ளினேன்.

இன்ஜினியர் முதலில் பேசினார். நிலத்தடி நீர், மழை அளவு, பாறை. நல்லாத்தான் பேசினார். மழை குறைந்ததால்தான் கிணறு வற்றியது, புல்லால் இல்லை என்று முடித்தார். அலுவலர் என்னைப் பார்த்தார். நான் கயிற்றை மேஜைமேல் நீட்டி விரித்தேன். மேஜை போதவில்லை. ஒரு நுனியைப் பியூனே பிடித்துக்கொண்டான்.

ஒவ்வொரு துணியாகச் சொன்னேன். மஞ்சள், கம்பெனி போர் போட்ட மாதம். ஊதா, புல் விரித்த மாதம். இப்படியே பச்சை வரைக்கும். ஆறாவது துணிக்கும் பச்சைக்கும் நடுவில்தான் இருப்பதிலேயே அதிக தூரம். நாலு முழம். "இது பங்குனி மாசம்" என்றேன். அப்புறம் டிரான்ஸ்பார்மர் எரிந்த ஆறு நாளையும் சொன்னேன்.

"கயிறு நீளும் சார். இதெல்லாம் ஒரு எவிடென்ஸா?" என்றார் மேனேஜர். நீ சொன்ன அதே பேச்சு.

அப்போது உன் காகிதத்தை எடுத்துக் கொடுத்தேன். அலுவலர் சத்தம் போட்டுப் படித்தார். போரை முந்நூற்றிருபது அடிக்கு இறக்கின தேதி வந்தது. மார்ச் எட்டு. அவர் கயிற்றைப் பார்த்தார், காகிதத்தைப் பார்த்தார். "ரெண்டும் ஒரே மாசம்தானே மேனேஜர் சார்?" என்றார். மேனேஜர் இன்ஜினியரைப் பார்த்தார். இன்ஜினியர் கையிலிருந்த பைலைத் திருப்பிக்கொண்டு இருந்தார்.

"எண்பதாயிரமா?" என்றாள் கோவிந்தம்மா, ஊருக்கே கேட்கிற மாதிரி. "காலைல ஒரு குளியல், சாயங்காலம் ஒரு குளியல். என் மருமவளுக்குக்கூட அந்தக் குடுப்பனை இல்லையே!" அலுவலரே சிரித்துவிட்டார்.

அதற்காக எல்லாம் சுலபமாக முடிந்தது என்று நினைக்காதே. மாலை ஐந்து மணி வரைக்கும் இழுத்தார்கள். மாட்டுக்காரர்களை உள்ளே விடவே முடியாது என்றார் மேனேஜர். பின்பக்க கேட், சனிக்கிழமை மட்டும், ஆளுக்கு ஒரு கட்டு என்று வந்து நின்றது. கேட்டுக்கு முன்னால் ஒரு பாத்தி அழகுப் புல் வைத்துக்கொள்ளட்டும் என்று நானும் விட்டுக் கொடுத்தேன்.

கடைசியில் எழுதினது இது. மூன்றில் ஒரு பங்கு பச்சையாகவே இருக்க வேண்டும். ஆனால் அழகுப் புல்லுக்குப் போர்த் தண்ணீர் விடக் கூடாது. கழிவுத் தண்ணீர் மட்டும். மற்ற இடத்தில் மரமும் தீவனப் புல்லும். ஊரார் அறுத்துக்கொள்ளலாம். வரப்போகிற ஐந்து கம்பெனிக்கும் இதேதான். மாமா விட்ட வரி அப்படியே அவர் தீர்மானத்துக்குக் கீழே ஏறிவிட்டது. அவர் கையெழுத்தை அடிக்கவில்லை. கேட்டுப் பார்த்துக்கொண்டேன்.

உன் கான்ட்ராக்ட் என்ன ஆகும் என்று மேனேஜர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. நீ சுருட்டத் தயாராக வைத்திருந்த அந்த ஒரு ஏக்கரை நினைத்தால் சோறு இறங்கவில்லை. புங்கங்கன்று போட ஆரம்பி. ஐந்து கம்பெனிக்கும் கன்று வேண்டும்.

அக்கா

*

6-9-1991
ஓசூர்

அக்கா,

புடவை கட்டினாய் என்று படித்ததே போதும். கான்ட்ராக்ட் இந்த மாதத்தோடு முடிகிறது, புதுப்பிக்கவில்லை. ஆறு பேரில் இரண்டு பேரை அனுப்ப வேண்டியதாகிவிட்டது. அந்த ஒரு ஏக்கர் புல்லைச் சுருட்டி வாங்க ஆள் இல்லை. நேற்று பக்கத்துத் தோட்டத்து மாடுகளை அவிழ்த்துவிட்டேன். நன்றாகத்தான் தின்றன. மாமா பார்த்திருந்தால் சிரித்திருப்பார்.

மூவாயிரம் புங்கங்கொட்டை ஊன்றியிருக்கிறேன். தண்ணீர் ஏறுகிறதா? அதை மட்டும் எழுது.

மொட்டை

*

13-10-1991

மொட்டை,

போர்த் தண்ணீர் நின்று ஐந்து வாரம் ஆகிறது. கம்பெனி புல் முதலில் மஞ்சளாகி, அப்புறம் பாய் மாதிரி காய்ந்தது. போன வாரம் டிராக்டர் வைத்துப் புரட்டிவிட்டார்கள். தொட்டி கட்ட ஜல்லி வந்து கொட்டியிருக்கிறது. மேனேஜர் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். சூப்பர்வைசர் மட்டும் வண்டியை நிறுத்தி, "உன்னால எங்களுக்கு நிழல் வரப்போவுதும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பெரிய மழை இன்னும் வரவில்லை. அங்கங்கே தூறலோடு சரி. கிணறு அதற்காகக் காத்திருக்கவில்லை. நான் சணலை ஒவ்வொன்றாக மேலே மேலே மாற்றிக் கட்டிக்கொண்டே வந்தேன்.

போன திங்கட்கிழமை அமாவாசை. விடிந்ததும் போய் எட்டிப் பார்த்தேன். பச்சைத் துணியைக் காணோம். அறுந்து விழுந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். கயிற்றை இழுத்தேன். இருந்தது. தண்ணீருக்கு ஒரு சாண் கீழே இருந்தது. சொட்டச் சொட்ட மேலே வந்தது. இந்த மூன்று வருஷத்தில் திரும்ப நனைந்த முதல் துணி அதுதான்.

கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் கிணற்று மேட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். முடிச்சை மாமா எப்போதும் போடுகிற மாதிரி இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கியிருக்கிறார். நகத்தை வைத்துப் பார்த்தேன், நனைந்ததால் கொஞ்சம் இளகியிருக்கிறது. அவிழ்க்கப் பார்த்தால் வந்துவிடும்.

தண்ணீர் இறங்கும்போது துணி கட்டித்தான் அவரை நான் பார்த்திருக்கிறேன். கட்டின துணிக்கு மேலே ஏறி அவர் பார்த்ததே இல்லை. ஏறினால் கட்டின முடிச்சை அவிழ்ப்பாரா, இல்லை, இங்கே ஒரு நாள் தண்ணீர் நின்றது என்று அப்படியே விட்டுவைப்பாரா, மொட்டை?